சாமிகிட்ட 'பிராது' கொடுத்தா மனசு லேசாகுமா? விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயில் வழக்கமும் மனநல ஆய்வுகளும் | முழு விளக்கம்

பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்களிடம் விருத்தாசலம்னு சொன்னா, பீங்கானோடு சேர்த்து இன்னொரு விஷயமும் ஞாபகத்துக்கு வரும். அதுதான் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது.

கொடுத்த கடன் திரும்பி வரலையா? வீட்டில் நகை காணாமல் போயிடுச்சா? அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறா? பிள்ளைக்கு வேலை கிடைக்கலையா, வரன் அமையலையா? காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது போலவே, ஒரு தாளில் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் எழுதி சாமியிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். திரும்பும்போது பலரும் சொல்வது, "மனசு லேசாயிடுச்சு" என்பதுதான்.

பிராதில் எழுதியது நடக்குமா, நடக்காதா என்பது அவரவர் நம்பிக்கை. அதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ஆனால் அந்த 'மனசு லேசாகும்' விஷயத்தை உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கோயிலுக்கோ, தர்காவுக்கோ, தேவாலயத்துக்கோ ஒருவர் எத்தனை முறை போகிறார் என்பதைப் போலவே, எதற்காகப் போகிறார் என்பதும் அவருடைய மனநலத்தோடு சேர்ந்து வருகிறது என்பது அவர்கள் கண்டது. விரிவாகப் பார்க்கலாம்.

பிராது கட்டுவது என்றால் என்ன?

விருத்தாசலம் நகரை ஒட்டி இருக்கும் மணவாளநல்லூரில் அமைந்திருக்கிறது கொளஞ்சியப்பர் கோயில். இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள கோயில் இது. இங்கு மூலவர் முருகன். ஆனால் வேலும் மயிலுமாக நிற்கும் சிலை கிடையாது. பலிபீடம் போன்ற வடிவில் இருக்கும் ஒரு கல்லைத்தான் முருகனாக வணங்குகிறார்கள். கொளஞ்சிச் செடிகள் மண்டிய இடத்தில் ஒரு பசு தானாகப் பால் சொரிந்ததாகவும், அந்த இடத்தில் இந்தக் கல் கிடைத்ததாகவும் சொல்கிறது தல வரலாறு. சாமியின் பெயர் வந்த கதையும் அதுதான்.

இந்தப் பகுதியில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சியம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் ஏராளம். விருத்தாசலத்தில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிக்கும் இந்தச் சாமியின் பெயர்தான்.

பிராது நடைமுறை இதுதான். குறையைத் தாளில் எழுத வேண்டும். அதை கொளஞ்சியப்பர் முன் வைத்து பூஜை செய்வார்கள். பிறகு அந்தத் தாளை விபூதியோடு மடித்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிடுவார்கள். 90 நாட்களுக்குள் குறை தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. தீர்ந்துவிட்டால் வேலை முடிந்ததென்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மறுபடி கோயிலுக்கு வந்து, கொடுத்த பிராதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி 'ராஜினாமா' செய்ய வேண்டும்.

ராஜினாமாவா? சாமிகிட்டயா?

ராஜினாமா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அமைச்சர் பதவி விலகுவதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நீதிமன்றத்தில் வாதியும் பிரதிவாதியும் சமாதானமாகி, வழக்கை முடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கும் ராஜினாமா என்றுதான் பெயர். "ரெண்டு பேரும் ராஜியாப் போயிட்டாங்க" என்று இன்றும் பேச்சில் சொல்கிறோமே, அந்த ராஜிதான் இது.

'பிராது' என்ற சொல்லும் முறையீடு என்ற பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து, கச்சேரி வழக்கு வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். கோர்ட்டு, கச்சேரி நடைமுறை அப்படியே சன்னதிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது நம்ம ஊரில் மட்டும் இருக்கும் பழக்கமும் கிடையாது. உத்தராகண்ட் மாநிலம் அல்மோரா அருகே சித்தை என்ற இடத்தில் கோலு தேவதா கோயில் இருக்கிறது. அங்கே நீதி வழங்கும் தெய்வமாக வணங்கப்படும் கோலு தேவதாவுக்கு பக்தர்கள் மனு எழுதித் தொங்கவிடுகிறார்கள். முத்திரைத்தாளில் எழுதுபவர்களும் உண்டு. வேண்டுதல் நிறைவேறினால் மணி கட்டுவது வழக்கம்.

கோயிலுக்குப் போகும் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போகிறார்களா?

நிச்சயமாக இல்லை. விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரின் பெரிய கோயில், பழமலைநாதர் எனப்படும் விருத்தகிரீஸ்வரர் கோயில். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஒரு கூட்டம் வரும். அவர்களுக்கு அது கடமை. பரீட்சை நேரத்தில் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுப் போகும் மாணவருக்கு அது தைரியம். பிரதோஷம் தவறாமல் வரும் பெரியவருக்குப் பழக்கமும், நாலு பேரைப் பார்க்கும் சந்தோஷமும் சேர்ந்தது. 'போகலைன்னா ஏதாவது ஆயிடுமோ' என்று வருபவருக்கு அது பயம். எதையும் கேட்காமல், சும்மா அந்தப் பிரகாரத்தில் உட்கார்ந்து எழுந்தாலே போதும் என்று வருபவர்களும் இருக்கிறார்கள்.

கேட்டு வாங்குவது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. தேவார மூவரில் ஒருவரான சுந்தரர், மனைவி பரவையாருக்காக இந்தத் தலத்தில் பொன் கேட்டார் என்றும், 12,000 பொன் கிடைத்தது என்றும் சொல்கிறது பெரியபுராணக் கதை. அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். 'ஆற்றில் போட்டுவிட்டு குளத்தில் தேடுவது' என்ற சொலவடையை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் இந்த ஊரில் சொல்வார்கள். குடும்பத் தேவைக்காகச் சாமியிடம் போய் நிற்பது நாயன்மார் காலத்திலிருந்தே இருக்கும் விஷயம்தான்.

இந்தக் காரணங்களை உளவியல் எப்படிப் பிரிக்கிறது?

இதில் முதலில் பேசப்படும் பெயர் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட். இவர் மைக்கேல் ராஸ் என்பவருடன் சேர்ந்து 1967-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். மத ஈடுபாட்டை அவர் இரண்டாகப் பிரித்தார்.

• புறநோக்கு ஈடுபாடு: மதத்தின் வழியாக வேறொன்றைப் பெறுவது. பாதுகாப்பு, ஆறுதல், ஊரில் மரியாதை, நாலு பேர் தொடர்பு என்று எதுவாகவும் இருக்கலாம்.

• அகநோக்கு ஈடுபாடு: வழிபாடே நோக்கமாக இருப்பது. அந்த நம்பிக்கைதான் அவருடைய மற்ற காரியங்களையும் நடத்தும்.

அகநோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருப்பதாகப் பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டின. புறநோக்கு உள்ளவர்களிடம் அந்த அளவுக்கு நல்ல தொடர்பு தெரியவில்லை.

அடுத்த முக்கியமான ஆய்வு 1993-ல் வந்தது. ரிச்சர்ட் ரையன், ஸ்காட் ரிக்பி, கிறிஸ்டி கிங் ஆகிய மூவரும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் நடத்திய ஆய்வு அது. அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. நீங்கள் வழிபடுவது, 'செய்யலைன்னா குற்ற உணர்ச்சியா இருக்கும், மத்தவங்க என்ன நினைப்பாங்க' என்பதற்காகவா? இல்லை, 'எனக்கு இது முக்கியம், நானா விரும்பிச் செய்யறேன்' என்பதற்காகவா?

இரண்டு பேரும் ஒரே தேவாலயத்துக்குப் போகலாம், ஒரே பிரார்த்தனையைச் சொல்லலாம். ஆனால் மனநலம் ஒன்றாக இல்லை. விருப்பத்தோடு செய்தவர்களிடம் நல்ல மனநலம் சேர்ந்து காணப்பட்டது. குற்ற உணர்ச்சி, நெருக்கடி காரணமாகச் செய்தவர்களிடம் அதற்கு எதிர்ப்பக்கமாக இருந்தது.

நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே விளக்கு. ஒருவர் ஏற்றும்போது நிம்மதி வருகிறது. இன்னொருவர், 'இன்னைக்கு லேட்டாயிடுச்சே, தப்பாயிடுமோ' என்ற படபடப்போடு ஏற்றுகிறார்.

அப்போ, சாமிகிட்ட கேட்பது மட்டமான பக்தியா?

ஆல்போர்ட்டின் பிரிவை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால் பிராது கட்டுபவர் 'புறநோக்கு' பட்டியலில் விழுந்துவிடுவார். ஏதோ ஒன்று வேண்டும் என்றுதானே வந்திருக்கிறார்?

இங்கேதான் கவனமாக இருக்கணும். இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களைக் கேட்டு உருவானவை. நம் கிராமத் தெய்வ வழிபாட்டில் கேட்பது, நேர்வது, கொடுப்பது, கோபித்துக்கொள்வது, சண்டை போடுவது எல்லாமே உறவின் பகுதி. "உன்னைத் தவிர யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்" என்று அழுபவரிடம் தேவையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட முடியாது.

அதனால், 'கேட்கிறாரா, கேட்கலையா' என்பதைவிட வேறு கேள்வி நமக்கு உதவும். கேட்ட பிறகு அவர் மனம் எங்கே போகிறது? 'சொல்லிட்டேன், இனி நான் செய்ய வேண்டியதைச் செய்வேன்' என்று தெளிகிறதா? 'நடக்கலைன்னா என்ன ஆகுமோ' என்று இறுகுகிறதா? மனநலம் பிரியும் இடம் அது.

எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கிறது?

பிராது வழக்கத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் எழுத்து. மனசுக்குள் வேண்டிக்கொண்டு வந்துவிட முடியாது. யார், எந்த ஊர், என்ன குறை என்று வார்த்தையில் போட்டாக வேண்டும்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதோடு பொருந்தி வருகிறது. கல்லூரி மாணவர்களிடம், தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தங்களை ரொம்பப் பாதித்த அனுபவத்தை, நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். அடுத்து வந்த மாதங்களில் இரண்டாவது பிரிவினர் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைவாக இருந்தது.

இதற்குப் பிறகு இதே மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சின்ன அளவில்தான் என்று தெரிந்தது. எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. மனசுக்குள் சுற்றிச் சுற்றி வரும் ஒன்று, வாக்கியமாகும்போது அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கிறது என்பதுதான் பென்னிபேக்கர் வழி வந்தவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கொடுத்தவர்களை வைத்து இந்தச் சோதனை நடந்ததில்லை. ஆனால் அந்த வழக்கத்துக்குள் இருப்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்:

• குறையை வார்த்தையில் எழுதுவது.

• தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் ஒப்படைப்பது. 'அது பார்த்துக்கும்' என்ற நினைப்பு.

• 90 நாள் என்ற கெடு. அதுவரை எதிராளியோடு சண்டைக்குப் போகாமல் பொறுக்கலாம்.

• ராஜினாமா. குறை தீர்ந்தால் வழக்கை முடித்துவைத்து, 'இனி எனக்கு அவன்மேல ஒண்ணும் இல்ல' என்று சொல்லிவிட்டு வருவது.

இதில் நாலாவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பணம் திரும்பி வந்த பிறகும் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. குறை தீர்வது ஒரு விஷயம். மனசுக்குள் இருக்கும் வழக்கு முடிவது வேறு விஷயம். அந்த இரண்டாவதுக்கும் ஒரு சடங்கை வைத்திருக்கிறது இந்தக் கோயில் வழக்கம்.

கூட்டத்தோடு போனால் கூடுதல் பலனா?

இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) ஆண்டுதோறும் மாக மேளா நடக்கும். கல்பவாசிகள் என்று அழைக்கப்படும் பக்தர்கள், கடுங்குளிரில், ஆற்றங்கரைக் கூடாரங்களில் ஒரு மாதம் தங்குவார்கள். சத்தம், கூட்டம், குளிர் என்று வசதிக்குறைவு எல்லாம் இருக்கும் இடம்.

அங்கே போன 416 பேரையும், போகாத 127 பேரையும், மேளாவுக்கு முன்பும் பின்பும் ஆய்வாளர்கள் கேட்டறிந்தார்கள். முடிவுகள் 2012-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தன. போய்வந்தவர்கள், போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். ஒரே நோக்கத்தோடு வந்தவர்கள், 'நாம' என்று ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வது இதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பழநிக்குப் பாதயாத்திரை போனவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள், மாசி மகத் தேர் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் கால் வலிக்குதுன்னு சொல்லிக்கொண்டே அடுத்த வருஷமும் போவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவில் 74,534 பெண் செவிலியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டைலர் வாண்டர்வீல் உள்ளிட்டோர் 2016-ல் வெளியிட்டது. வாரத்துக்கு ஒரு முறைக்கும் அதிகமாக வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றவர்களிடம், அறவே செல்லாதவர்களைவிட, ஆய்வுக் காலத்தில் இறக்கும் ஆபத்து 33% குறைவாக இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், அனைவரும் அமெரிக்கப் பெண்கள். வழிபாடுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்தானே வெளியே கிளம்பிப் போக முடியும்? அதையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்யப் பார்த்தார்கள் என்றாலும், கண்காணிப்பு ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு.

பிரார்த்தனை நோயைக் குணமாக்குமா?

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று பிரிவு. முதல் பிரிவினருக்காக மற்றவர்கள் பிரார்த்தனை செய்தார்கள், ஆனால் உறுதியாகச் செய்கிறார்கள் என்று நோயாளியிடம் சொல்லவில்லை. இரண்டாவது பிரிவினருக்குப் பிரார்த்தனை இல்லை, அதுவும் அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது பிரிவினரிடம் 'உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது' என்று சொல்லியே செய்தார்கள்.

முதல் இரண்டு பிரிவுக்கும் சிக்கல்கள் வந்ததில் வேறுபாடு இல்லை. ஆச்சரியம் மூன்றாவது பிரிவில்தான். அவர்களில் 59% பேருக்குச் சிக்கல் வந்தது. மற்ற பிரிவுகளில் அது 51, 52% அளவில் இருந்தது. 'எனக்காகப் பிரார்த்தனை பண்ற அளவுக்கு என் நிலைமை மோசமா?' என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். தற்செயலாகவும் இருக்கலாம்.

முகம் தெரியாத ஒருவர் தூரத்திலிருந்து செய்யும் பிரார்த்தனையை மட்டும்தான் இந்த ஆய்வு பார்த்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் விபூதி பூசுவதை இது அளக்கவில்லை. ஆனால் அறுவை சிகிச்சை வேண்டிய இடத்தில் வேண்டுதல் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை.

90 நாள் ஆகியும் நடக்கலைன்னா?

இந்தக் கட்டுரையில் முக்கியமான கேள்வி இதுதான். ஏனென்றால் நம்பிக்கை தாங்குவதும், நம்பிக்கையே சுமையாவதும் பிரியும் இடம் இது.

கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், கஷ்டகாலத்தில் மக்கள் மதத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையே வாழ்நாள் ஆய்வாகச் செய்தவர். அவர் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்.

முதல் வழி: 'சாமி என்கூட இருக்கு. இதையும் கடந்துருவேன்.' கஷ்டத்திலும் ஒரு துணை, ஓர் அர்த்தம்.

இரண்டாவது வழி: 'சாமி என்னைக் கைவிட்டுடுச்சு. நான் செஞ்ச பாவத்துக்குத் தண்டனை இது.'

பார்கமென்ட் குழு, மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளைச் சுமார் 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2001-ல் முடிவை வெளியிட்டது. கடவுள் கைவிட்டுவிட்டார், தன்மேல் அன்பில்லை என்பது போன்ற தவிப்பில் இருந்தவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் ஆபத்து, மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உடல்நிலை, மனநிலை வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு தெரிந்தது.

நம்ம பக்கம் இது எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை இல்லாத பெண்ணிடம், "குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சியா?" என்று ஒரு கேள்வி. நோயாளியிடம், "நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கி இருக்கா?" என்று இன்னொரு கேள்வி. கேட்பவர் அக்கறையில்தான் கேட்பார். ஆனால் கேட்கப்பட்டவர் மனதில், 'அப்போ தப்பு என்மேலதான்' என்று பதிந்துவிடும். ஆறுதல் தேடிப் போன இடத்திலிருந்து குற்ற உணர்ச்சியோடு திரும்பி வருவார்.

வேண்டுதல் நடக்காத வீட்டில் இருப்பவரிடம் காரணம் தேடிக் கேட்காமல் பக்கத்தில் இருந்தாலே போதும்.

கோயிலா, டாக்டரா?

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்று நம் பெரியவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். இரண்டையும் பார் என்றார்களே தவிர, ஒன்றை விட்டுவிடு என்று சொல்லவில்லை.

கோயிலில் தங்குவது மனநோயாளிகளுக்கு உதவுமா என்பதைத் தமிழ்நாட்டிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். இங்குள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த, பெரும்பாலும் தீவிர மனநோய் கொண்ட 31 பேரை மனநல மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். முடிவு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்து தரப்படவில்லை, தனியான குணமாக்கும் சடங்கும் கிடையாது. சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20% குறைந்தது. பயமுறுத்தாத, ஆதரவான சூழல், கூட இருந்த குடும்பம், கோயிலில் செய்த சின்னச் சின்ன வேலைகள் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்றார்கள். சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனால் சூழலுக்குச் சக்தி உண்டு என்பதைக் காட்டியது.

இதன் மறுபக்கத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்தது ஒரு நம்பிக்கை. அவர்களைக் கொன்றது நம்பிக்கையின் பெயரில் நடந்த அலட்சியம்.

மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வழிபாட்டுத் தலத்தின் பக்கத்திலேயே மருத்துவ உதவியும் கிடைக்கும்படி செய்யும் 'தவா-துவா' முறை, அதாவது மருந்தும் வேண்டுதலும் சேர்ந்த முறை, குஜராத்தின் மீரா தாதர் தர்காவைப் போல ஏர்வாடிக்கும் வந்தது. வேண்டிக்கொள், மாத்திரையையும் சாப்பிடு என்பதுதான் இதன் சாரம்.

கூடவே செய்ய வேண்டியவை என்னென்ன?

பிராது கட்டும் குறைகள் பலவற்றுக்கு வெளியேயும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலையும் தட்ட வேண்டும்.

• ஆன்லைனில் பணம் ஏமாந்தீர்களா? உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கோயிலுக்கு நாளைக்குப் போகலாம், போனை இப்பவே எடுங்கள்.

• நகை, வண்டி திருட்டா? காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கலை, எதிலும் மனசு ஒட்டலையா? மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

• உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, மேலே உள்ள எண்களில் ஒன்றுக்கு உடனே அழையுங்கள்.

உங்க பக்தி உங்களைத் தாங்குதா? இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்க

இது மருத்துவப் பரிசோதனை இல்லை. மேலே பார்த்த ஆய்வுகளை வைத்து, நமக்கு நாமே கேட்டுக்கொள்ள இந்தக் கேள்விகள்.

1. கோயிலுக்கோ, தர்காவுக்கோ, தேவாலயத்துக்கோ ஒரு வாரம் போக முடியாவிட்டால், 'அடுத்த வாரம் போய்க்கலாம்' என்று தோன்றுகிறதா, 'என்ன ஆகப் போகுதோ' என்று பயம் வருகிறதா?

2. யாரும் பார்க்காவிட்டாலும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காவிட்டாலும், இதைச் செய்வேனா?

3. வேண்டிக்கொண்ட பிறகு, என் பங்குக்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறேனா, தள்ளிப்போடுகிறேனா?

4. நினைத்தது நடக்காதபோது, சாமிமேல் கோபப்பட்டாலும் மறுபடி பேச முடிகிறதா? இல்லை, என்னையே வெறுக்கிறேனா?

5. வழிபாட்டுக்காகக் கடன் வாங்குகிறேனா, மாத்திரையை நிறுத்துகிறேனா, வீட்டில் யாரையாவது கட்டாயப்படுத்துகிறேனா?

முதல் நாலில் பயமும் வெறுப்பும்தான் பதிலாக வருகிறது என்றாலோ, ஐந்தாவதுக்கு 'ஆமாம்' என்றாலோ, சாமியை விட்டுவிட வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடமோ, மனநல ஆலோசகரிடமோ அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

வழிபாடு மனசுக்கு நல்லதா என்று கேட்டால், பலருக்கு நல்லது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த நன்மை சும்மா போய்வருவதால் வந்துவிடுவதில்லை. விருப்பத்தோடு செய்வது, மனதில் இருப்பதை வெளியே சொல்வது, நாலு பேரோடு சேர்ந்திருப்பது, கஷ்டத்திலும் ஒரு துணை இருப்பதாக உணர்வது ஆகியவற்றோடு சேர்ந்துதான் அது வருகிறது. பயமும் குற்ற உணர்ச்சியும் சேரும்போது அதே வழிபாடு பாரமாகிவிடுகிறது.

விருத்தாசலம் பக்கம் போய்ப் பிராது கட்டுவதாக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். ஸ்டேஷனுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டிய விஷயமாக இருந்தால் அங்கேயும் போய்விட்டு வாருங்கள். குறை தீர்ந்தால் ராஜினாமா செய்ய மறக்காதீர்கள். தீராவிட்டாலும், தப்பு உங்களுடையது என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.